மூன்றோடு நின்ற எண்ணிக்கை

அப்பா,

நேற்றிலிருந்து வீடு முழுக்கப் புது அட்டைப் பெட்டியின் வாசனை. பழைய ஃபிரிட்ஜ் கடைசியாக ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனதால் அம்மா புதியது வாங்கிவிட்டாள். கொண்டுவந்தவர்கள் அதை அடுக்களையில் நிறுத்திவிட்டு, காலிப் பெட்டியை மடித்து எடுத்துப்போகக் குனிந்தார்கள். உங்கள் சின்னவள் கயல் ஓடிவந்து அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"பொட்டி எங்களுது. நீங்க ஃபிரிட்ஜ வேணா எட்த்துனு போங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். பெட்டி கூடத்தின் நடுவில் நிற்கிறது. அட்டையும் பசையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உங்கள்மேல்தான்.

நீங்கள் போன பிறகு எல்லோரும் உங்களைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள். நிதானமான மனுஷன், பொறுமைசாலி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார் என்கிறார்கள். அவர்களில் ஒருவரும் உங்களோடு ராக்கெட் விளையாடியதில்லை.

நான் யு.கே.ஜி. படித்தபோது உங்களிடம், "ஆபீஸ்ல நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். நினைவிருக்கிறதா? எதிர்வீட்டுப் பர்வீனின் அத்தா கடைத்தெருவில் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் விற்கிறார். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறாள். உங்களைப் பற்றிச் சொல்லத்தான் என்னிடம் எதுவும் இல்லை. விடிந்ததும் ஆபீஸ் பஸ் பிடித்துக் கடற்கரைப் பக்கம் போவீர்கள், பொழுது சாய்ந்து வருவீர்கள். அங்கே அணு ஆராய்ச்சி நடக்கிறது, நீங்கள் அதில் பாதுகாப்புப் பிரிவு என்பது மட்டும் தெரியும். சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே உங்கள் திருநெல்வேலிப் பேச்சில் சொன்னீர்கள்:

"ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிடுதேன்."

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"நேத்து?"

"நேத்தும் ஒண்ணும் ஆகலட்டி."

"அப்ப எதுக்கு நாளைக்கும் போறீங்க?"

நீங்கள் ரொம்ப நேரம் சிரித்தீர்கள். அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தீர்கள். எனக்குப் பதில் மட்டும் சொல்லவில்லை. வகுப்பில் மிஸ் கேட்டபோது நான், "எங்கப்பா ஒண்ணும் செய்ய மாட்டாரு மிஸ்" என்று சொல்லிவிட்டேன். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்த வருடம்தான் டிவியில் ராக்கெட் விடுவதைக் காட்டினார்கள். நம் கடற்கரைக்கு வடக்கே, இதே கடலின் ஓரத்திலிருந்துதான் விடுகிறார்கள் என்றீர்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன் கடலோரத்துல வச்சு விடுதாங்க தெரியுமா? மேல போயி கோளாறாச்சுன்னா துண்டெல்லாம் யார் தலையிலயும் விழாம கடல்ல விழணும்லா" என்றீர்கள். அவ்வளவு நெருப்பையும் புகையையும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அது கீழே விழுவதைப் பற்றி முதலில் சொல்கிற அப்பா வேறு யாருக்காவது இருந்திருப்பாரா?

அந்த வாரமே பர்வீன் கடையிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் பெட்டியை அவள் அத்தாவிடம் அடம்பிடித்து வாங்கிவந்தாள். நூலகத்திலிருந்து நீங்கள் எடுத்துத் தந்த படப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, ராக்கெட் வேறு, அதன் தலையில் உட்கார்ந்து போகும் விண்கலம் வேறு என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

"எதுவா இருந்தா இன்னா? நாந்தான் முன்னாடி குந்துவேன்" என்றாள் பர்வீன்.

சோடா மூடிகளை வரிசையாக ஒட்டினோம், அவைதான் பொத்தான்கள். அம்மாவின் கிழிந்த புடவைக் கரை, இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை. பெட்டியின் பின்பக்கம் முழுவதும் பர்வீன் மஞ்சளும் சிவப்புமாக நெருப்பு வரைந்தாள். தரையில் மண்டிபோட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு மாலை முழுக்க வரைந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து ஜன்னலுக்கு வட்டம் போட்டது நான். அந்த வட்டத்தை வெட்டித் தரச் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட்டோம். அங்கேதான் எல்லாம் கெட்டது.

நீங்கள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். "உள்ள ரெண்டு பேரு. வாசல் ஒண்ணு. ஏதாவது ஆச்சுன்னா வெளிய வர இன்னொரு வழி எங்க?" என்றீர்கள். நாங்கள் பதில் சொல்வதற்குள் கத்தியை எடுத்துப் பின்பக்கத்தில், பர்வீனின் நெருப்புக்கு நட்ட நடுவில், ஒரு கதவு வெட்டிவிட்டீர்கள். பர்வீன் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"அங்கிள், நெருப்பு வர்ற எடத்துல கதவு வெச்சுக்கீறீங்களே, அது வழியா எப்டி வெளிய வரது?"

கையில் கத்தியோடு நீங்கள் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "அது சரிதான்" என்றீர்கள். கொஞ்சம் யோசித்து, "ரொம்பச் சரி" என்றீர்கள். பிறகு அந்தக் கதவை மூடி ஒட்டிவிட்டுப் பக்கவாட்டில் வேறொன்று வெட்டினீர்கள். அதற்கும் பிறகு மூச்சுவிட என்று வரிசையாக ஓட்டைகள். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது விண்கலமா, இட்லித் தட்டாங்க?" என்றாள்.

பெட்டியோடு எங்களைத் தூக்குவதுதான் பறப்பது என்று முடிவாகியிருந்தது. ஒரு பக்கம் நீங்கள், மறுபக்கம் அம்மா. பத்திலிருந்து எண்ண வேண்டும், பூஜ்யத்தில் தூக்க வேண்டும். முதல் தடவை ஏழு வரைக்கும் வந்துவிட்டு, "ஹோல்ட்" என்றீர்கள். அது உங்கள் ஆபீஸ் வார்த்தை. "ரெண்டு பேரும் ஒண்ணுக்குப் போயாச்சா?" நான் போயிருந்தேன். "நா போவல" என்றாள் பர்வீன், உண்மை பேசுகிறவள். அவள் போய்வந்தபோது அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. அடுத்த தடவை ஐந்தில் நிறுத்தினீர்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு எண்ணுங்கள் என்றால், தூக்கும் உயரத்துக்கு இறக்கை தட்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். மொட்டைமாடிக்குப் போகலாம் என்றதற்குக் கைப்பிடிச் சுவரைக் காட்டினீர்கள். ஹெல்மெட் என்று தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியையும் மூச்சு முட்டும் என்று பிடுங்கிக்கொண்டீர்கள்.

"வெட்டவெளியா இருந்தா விடலாம்" என்றீர்கள் கடைசியில்.

"கடலோரம்?" என்றேன் நான். உங்கள் வார்த்தையை வைத்தே உங்களை மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு.

ஆனால் அதற்குள் பர்வீன் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. அவள் அத்தா கடையை மூடிவிட்டு ஆம்பூருக்கே போய்விடுவதென்று முடிவெடுத்திருந்தார். அவள் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது. ஊருக்குப் போகுமுன் பறக்காவிட்டால் அவள் என்றைக்கும் பறக்கப்போவதில்லை. ஆம்பூரில் கடல் கிடையாது என்று நான் வரைபடத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். எனக்கு அந்த வயதில் அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு ஃபிரிட்ஜ் இறக்க நீங்கள் பாய் என்று கூப்பிடும் பர்வீனின் அத்தாவுடைய டெம்போ போனது. பின்னால் நம் விண்கலத்தையும் கயிறு போட்டுக் கட்டி, நாம் எல்லோரும் ஏறிக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை பர்வீன் என் கையை விடவில்லை. ஃபிரிட்ஜை இறக்கிவிட்டு, கோயில் பக்கத்துக் கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே, கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருந்த மணலில் பெட்டியை வைத்தோம். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்த, பொட்டிய கடல்ல வுடப் போறீங்களா? மெதக்காது."

"கடல்ல இல்ல நைனா, நிலாவுக்கு" என்றார் பாய்.

"அப்ப சீக்கிரம் வுடு. மானம் கறுத்துகினு வருது."

அவர் சொன்னதை நான் கேட்டேன். பர்வீன் கேட்டாள். நீங்கள் மட்டும் கேட்கவில்லை. நீங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள்.

உள்ளே நாங்கள் இருவரும் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பர்வீன் முன்னால், நான் பின்னால். ஜன்னல் வட்டத்தில் கடல் மட்டும் தெரிந்தது. பத்து என்றீர்கள். பர்வீனின் முதுகு விறைத்தது. ஒன்பது, எட்டு. ஒண்ணுக்குப் போயாகிவிட்டது, ஃபேன் இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை. ஐந்து. நான்கு. இந்தத் தடவை நடந்துவிடும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மூன்று.

"ஹோல்ட்."

உங்கள் உள்ளங்கை பெட்டிக்கு அடியில் தடவும் சத்தம் கேட்டது. "அடி நனைஞ்சிருக்கு பாய். தூக்குனா விட்டுரும். டெம்போல கயிறு கெடக்குல்லா, ஒரு கட்டு போட்டுட்டா போதும்" என்றபடி மணலில் ஓடினீர்கள். நீங்கள் கயிற்றோடு திரும்பி வருவதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. வானத்தில் பாதியைக் கரைத்து ஊற்றியது போல ஒரு மழை. நெருப்பு முதலில் கரைந்தது. சோடா மூடிகள் உதிர்ந்தன. பாயும் நீங்களும் பெட்டியைத் தூக்க முயன்றபோது அடிப்பாகம் அப்படியே மணலோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"உடுங்க சார், அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார் பாய். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கே தெரியும்.

டெம்போவில் நனைந்துபோய் உட்கார்ந்து பர்வீன் என் காதில் சொன்னாள்: "ஒங்கப்பா நல்லவருதான். ஆனா அவரு கூட வெளாட முடியாது." ஆறு வயதுகூட ஆகாத ஒருத்தி உங்களை எவ்வளவு சரியாக எடைபோட்டாள் பாருங்கள். நான் உங்களோடு பேசவில்லை. நீங்கள்தான் பேசினீர்கள். "நிறுத்துனது தப்பில்லட்டி. நிறுத்துனா திருப்பி எண்ணிக்கிடலாம். விழுந்துட்டா எண்ண முடியாது."

"எப்ப எண்ணுவீங்க?"

"எண்ணுவோம்."

நான் இத்தனை வருடமாகக் கேட்க நினைத்தது இதுதான். அந்த அடிப்பாகம் மழையால்தான் பிய்ந்ததா? நீங்கள் நிறுத்தாமல் இரண்டு, ஒன்று என்று எண்ணித் தூக்கியிருந்தால் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் தாங்காது என்பீர்கள். முடிவு சொல்ல அந்தப் பெட்டியும் இல்லை, நீங்களும் இல்லை.

அதன் பிறகு நீங்கள் நிறுத்தியவற்றை எல்லாம் எழுத உட்கார்ந்தால் தாள் போதாது. ஆறாம் வகுப்பில் எனக்கு வாங்கிய சைக்கிளை பிரேக் சரியில்லை என்று கடைக்கே திருப்பித் தள்ளிக்கொண்டு போனீர்கள். முட்டுக்காட்டுக்குச் சுற்றுலா போகப் பள்ளி வாசலில் பஸ் நின்றபோது, என் வகுப்பு முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்தீர்கள். "உங்கப்பா மெக்கானிக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். பிறகு என்ன என்று சொல்ல அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் நான் மன்னித்துவிடுவேன், அப்பா. அந்த ஒன்றை மட்டும் என்னால் முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தீர்கள். அம்மா உங்கள் முகத்தைப் பார்த்த உடனேயே, "கெளம்புங்க, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துரலாம்" என்றாள். நீங்கள், "வாயு. சுக்குத்தண்ணி குடிச்சாச் சரியாயிரும்" என்றீர்கள். அம்மா நர்ஸ். ஆஸ்பத்திரி நம் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். ஞாயிற்றுக்கிழமையும் அவள் கேட்டாள். திங்கட்கிழமை ஆபீஸில் ஏதோ சோதனை இருக்கிறது, நீங்கள் இல்லாமல் தொடங்க முடியாது, முடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்றீர்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்வதற்குள் திரும்பி வந்தது. உங்களை இறக்கிய வார்டில்தான் அம்மாவுக்கு அன்று டியூட்டி.

பர்வீனின் மூத்திரத்துக்கு எண்ணிக்கையை நிறுத்தியவர் நீங்கள். இன்னும் கிளம்பாத பஸ்ஸின் டயரைத் தட்டிப் பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு என்று வந்தபோது அம்மா ஹோல்ட் சொன்னாள். இரண்டு நாள் சொன்னாள். நீங்கள் எண்ணிக்கொண்டே போய்விட்டீர்கள்.

போன மாதம் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுதான்டி" என்றாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் அவள் செருப்பை எடுத்து முன்னால் போட்டேன். பரீட்சைக்குப் படி என்று திட்டினாள், அவளோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று வழியெல்லாம் திட்டினாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே அவளை வரிசையில் உட்காரவைத்து, சீட்டு வாங்கி, ஈ.சி.ஜி. எடுத்தோம். டாக்டர் பார்த்துவிட்டு வாயுதான் என்றார். திரும்பி வரும்போதும் அம்மா திட்டினாள். அந்தத் திட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் கயல் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்னிய நிலாவுக்கு அனுப்பு" என்றாள். நீங்கள் போகும்போது அவளுக்கு இரண்டு வயது. சுவரில் இருக்கும் படம்தான் அவளுக்கு அப்பா. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே நெருப்பு வரைந்தாள். நான் தட்டைக் கவிழ்த்து ஜன்னல் வெட்டினேன். வெட்டி முடித்ததும் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் இன்னொரு கதவு வெட்டினேன்.

"எதுக்குக்கா ரெண்டு கதவு? உள்ள நா ஒருத்திதான கீறேன்."

"பேசாம உக்காரு. ஒண்ணுக்குப் போயாச்சா?"

"ஐயோ, போய்ட்டேன்கா."

டியூட்டி முடிந்து வந்த அம்மா, புடவையைக்கூட மாற்றாமல் ஒரு பக்கம் வந்து நின்றாள். ஃபேனை அணைத்துவிட்டுப் பெட்டியை அது தட்டாத மூலைக்கு நகர்த்தினேன். பத்திலிருந்து எண்ணினேன். நான்கு. மூன்று. அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த, கெட்டியான, புத்தம்புது அட்டை. குறை எதுவும் தெரியவில்லை.

"ஹோல்ட்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பழைய புடவை ஒன்றை எடுத்துவந்தாள். இரண்டு பேருமாக அதைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து இழுத்துக் கட்டினோம்.

"அக்கா, உன்னோட பெரிய பேஜாரா கீது" என்றாள் கயல் ஜன்னல் வழியாக. "மறுபடி பத்துலேர்ந்து எண்ணாத. மூணுலேர்ந்து எண்ணு."

மூன்று என்றேன். பிறகு இரண்டு என்றேன். அப்பா, அந்த விளையாட்டில் அந்த எண்ணை நான் சொல்வது இதுதான் முதல் தடவை. ஒன்று என்றபோது அம்மாவின் கை புடவை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தது. தூக்கினோம். எங்கள் இடுப்பு உயரம் வரைதான் போனது. உள்ளேயிருந்து கயல், வூடு தெரியுது, ஏரி தெரியுது, ரயில் எறும்பு மாரி போவுது என்று கத்திக்கொண்டிருந்தாள். கை கடுக்கும் வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மெதுவாக இறக்கினோம்.

கயல் இரண்டாவது கதவு வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தாள். முதல் வேலையாகப் பெட்டியைக் கஷ்டப்பட்டுச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்த்தாள். புடவையை விலக்கியும் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவல. சும்மாவே நிறுத்துன."

புடவை கட்டியதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டாவிட்டாலும் ஆகியிருக்காதோ என்னவோ. அதை யாரிடம் காட்டி நிரூபிப்பது?

"நாளைக்கும் கட்டுவியா?"

"நாளைக்கும் கட்டுவேன்."

"இன்னிக்குதான் ஒண்ணும் ஆவலயே. அப்ப எதுக்கு நாளைக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அடுக்களைக்குப் போய்விட்ட அம்மாவைக் கூப்பிட்டு, இவள் கேட்டதைச் சொல்லி மறுபடியும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கரண்டியோடு வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் இடுப்பில் கைவைத்துப் பதிலுக்காகக் காத்திருந்தாள். கடைசிவரை நான் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

அன்று நீங்கள் சிரித்ததும் பதில் தெரியாமல்தானா, அப்பா? அதையாவது என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.